துவர்ப்பு கனியும் காலம்: போர்தோ சிவப்பு ஒயினின் முதுமை வரலாறு

நடுக்கால இங்கிலாந்தின் மதுச்சந்தையில் பழைய ஒயின் மலிவானது. புதிய ஒயினுக்கே விலை அதிகம். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் பிரான்சின் தென்மேற்குத் துறைமுகமான போர்தோவிலிருந்து புறப்பட்ட கப்பல் அணிகள், சில வாரங்களுக்கு முன்னர்தான் பிழிந்து நொதித்து அடங்கிய திராட்சை மதுவைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பாக லண்டனையும் பிரிஸ்டலையும் அடைந்தபோது, முந்தைய ஆண்டில் விற்காமல் தேங்கிய சரக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளப்பட்டது. ஓராண்டுக் காலம் பீப்பாயில் கிடந்த ஒயின் பெரும்பாலும் காடியாகத் திரும்பத் தொடங்கியிருக்கும் என்பதை வாங்குவோரும் விற்போரும் நன்கு அறிந்திருந்தனர். முதிர்ந்த சிவப்பு ஒயின் என்றவுடன் இன்று நினைவுக்கு வரும் மதிப்பும் மணமும் சுவையும், போர்தோவின் நீண்ட வரலாற்றில் ஏறத்தாழக் கடைசி முந்நூறு ஆண்டுகளுக்குள் உருவானவை. அச்சுவை பிறந்ததில் திராட்சைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு நிலக்கரி உலையில் உருகிய கண்ணாடிக்கும் ஒரு மரத்தின் பட்டைக்கும் உண்டு.

பழைய உலகம் முதிர்ந்த மதுவை அறியாதது அன்று. உரோமானியர்கள் இத்தாலியின் கம்பானியா நிலப்பகுதியை ஒட்டிய மலைச்சரிவுகளில் விளைந்த ஃபலெர்னிய மதுவைப் பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருந்து அருந்துவதைச் செல்வச் சிறப்பாகக் கருதினர். ஒபிமியுஸ் என்பவர் ஆட்சித்தலைவராக இருந்த கி.மு. 121 ஆம் ஆண்டின் விளைச்சல் அவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதிய மூத்த பிளினி, அம்மதுவில் எஞ்சியிருந்தது தேன்போல் இறுகிக் கசப்பேறிவிட்டதாகக் குறிப்பிடுகிறார். இவ்வளவு காலம் மது தாங்கியதற்குக் காரணம் ஆம்போரா எனப்பட்ட சுடுமண் சாடி. இரு கைப்பிடிகளும் கூர்ந்த அடிப்பகுதியும் கொண்ட அச்சாடியின் வாயை அடைத்துப் பூசிவிட்டால் உள்ளே காற்று நுழைவது அரிது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தகைய சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூற்றின் 56 ஆம் பாடல் பேசுகிறது. கடல் கடந்து வந்த மது ஒருபுறமிருக்க, இம்மண்ணிலும் முதிரவைக்கும் வழக்கம் இருந்தது என்பதற்கு, நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைக் கபிலர் தம் பாடலில் குறிப்பிடுவது சான்று.

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் ஆம்போராவின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்தது. பீப்பாய் இலகுவானது, உருட்டிச் செல்லத் தக்கது, விழுந்தாலும் எளிதில் உடையாதது. ஆகவே வணிகர்களுக்கு அது பேருதவியாயிற்று. ஆனால் மரம் மூச்சுவிடும். பலகைகளின் நுண்துளைகள் வழியே மது சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேற, வெற்றிடத்தில் காற்று வந்து அமர, அக்காற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் சாராயத்தைக் காடியாக மாற்றிவிடும். சாடி மறைந்து பீப்பாய் வந்த நாள் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மேற்கு ஐரோப்பா முதிர்ந்த சிவப்பு மதுவின் சுவையை மறந்தே இருந்தது. வசதியான கலம் ஒன்று வந்ததால் ஒரு சுவையே வழக்கொழிந்தது என்பதை மதுவின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

போர்தோவின் பெருவணிகம் ஒரு திருமணத்தால் கிளர்ந்தது. அக்கித்தேன் நாட்டின் உரிமையாளரான எலியனோர் 1152 ஆம் ஆண்டில் ஹென்றி பிளான்டாஜெனெட்டை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானதால் போர்தோவும் அதன் திராட்சைத் தோட்டங்களும் ஆங்கில முடியாட்சியின் கீழ் வந்தன. 1453 இல் காஸ்தியோன் போரில் ஆங்கிலேயர் தோற்கும்வரை மூன்று நூற்றாண்டுகள் நீடித்த இவ்வுறவில், 1308-09 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன்னோ ஒயின் ஏற்றுமதியானது. தொன்னோ என்பது ஏறக்குறைய 900 லிட்டர் கொள்ளும் அளவு. நான்கு பீப்பாய் சேர்ந்தது ஒரு தொன்னோ. கப்பலின் கொள்ளளவைக் குறிக்க இன்றும் வழங்கும் டன் என்ற சொல் இந்த மதுக் கணக்கிலிருந்து வந்ததே. அன்றைய ஒயின் இன்றையது போல் கருஞ்சிவப்பானது அன்று. திராட்சைத் தோலோடு சாறு கிடக்கும் காலம் மிகக் குறைவாக இருந்ததால் அது வெளிர்சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தது; தெளிந்தது என்று பொருள்படும் கிளேரே என்ற பிரெஞ்சுச் சொல்லால் அது அழைக்கப்பட்டு, ஆங்கிலேயர் வாயில் கிளாரெட் ஆயிற்று. தேறு என்ற வினைக்குத் தெளிதல் என்று பொருள் இருப்பதும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டைக்கும் தெளிந்த மதுவான தேறலுக்கும் அந்த ஒரே வேர் அமைந்திருப்பதும் இங்கு எண்ணத் தக்கன. தெளிவையே மதுவின் முதற்குணமாக இரு மொழிகளும் கண்டிருக்கின்றன.

மாற்றம் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கியது. அந்நூற்றாண்டில் போர்தோவின் பெரும் வாடிக்கையாளர்களாக எழுந்த டச்சுக்காரர்கள், கடல்நீரை வடித்து நிலம் மீட்கும் தம் தொழிலறிவைக் கொண்டு, ஜிரோண்ட் கழிமுகத்தின் இடக்கரையில் சதுப்பாகக் கிடந்த மெடோக் பகுதியின் நீரை வடியவைத்தனர். நீர் வடிந்த பின் உயர்ந்து நின்ற சரளைக்கல் மேடுகளே பிற்காலத்தில் மார்கோ, போயாக், சேன்-ஜூலியன், சேன்-எஸ்தெஃப் எனப் புகழ்பெற்ற ஊர்களின் திராட்சை நிலங்களாயின. வெறும் பீப்பாய்க்குள் கந்தகத் திரியை எரித்துப் புகையூட்டும் முறையைப் பரப்பியவர்களும் அவர்களே. அப்புகை காடி நுண்ணுயிரை அடக்கியதால் ஒயின் பீப்பாயில் இரண்டாம் கோடையைக் கடக்கும் வலிமை பெற்றது. அதே காலத்தில் ஓ-பிரியோன் தோட்டத்தின் உரிமையாளரான அர்னோ தெ பொன்தாக், தன் மதுவை ஊர்ப்பெயரால் விற்காமல் தோட்டத்தின் பெயராலேயே லண்டனில் விற்கத் துணிந்தார். 1663 ஏப்ரல் 10 ஆம் நாள் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் அந்த ஒயினைப் பெயர் சொல்லி, அதன் சுவை வேறெதிலும் காணாத தனித்தன்மை உடையது என்று குறித்து வைத்தார். 1703 இல் போர்ச்சுகலோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரெஞ்சு மதுவின் மீது இங்கிலாந்தில் ஒப்பீட்டளவில் கூடுதல் வரி நிலைபெற்றபோது, மலிவான கிளாரெட்டை இறக்குவது கட்டுப்படியாகாமல் போயிற்று. உயர்ந்த வரியைத் தாங்கும் உயர்ந்த சரக்கு மட்டுமே கடல் கடந்தது. அவ்வாறு வந்தது ஆழ்ந்த நிறமும் அழுத்தமான துவர்ப்பும் கொண்ட, காலத்தைத் தாங்கும் ஒயின். மதுவின் தரம் உயர்ந்ததற்கு உழவனின் உழைப்போடு வரிக்கொள்கையும் காரணமாயிற்று.

இந்நிலையில் கண்ணாடியும் தக்கையும் வந்து சேர்ந்தன. கப்பல் கட்ட மரம் போதாதென்று அஞ்சிய இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் அரசர், 1615 இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தார். வேறு வழியின்றி நிலக்கரிக்கு மாறிய உலைகள் முன்னினும் கடும் வெப்பத்தில் எரிந்ததால், கெட்டியான, கரும்பச்சை நிறமான, எளிதில் உடையாத புட்டிகள் கிடைக்கலாயின. 1630களில் இத்தகைய புட்டிகளை உருவாக்கியவராகச் சர் கெனெல்ம் டிக்பி போற்றப்படுகிறார். முதலில் வெங்காயம்போல் பருத்துக் குட்டையாக இருந்த புட்டி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நீண்டு உருளை வடிவம் பெற்றது. இவ்வடிவ மாற்றம் மிக முக்கியமானது. நின்றே இருக்கும் புட்டியில் தக்கை உலர்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே விட்டுவிடும்; உருளைப் புட்டியைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்; படுத்த புட்டியில் மது எப்போதும் தக்கையை நனைத்துக்கொண்டிருப்பதால் அது உப்பி வாயை இறுக அடைத்துக்கொள்ளும். தக்கை என்பது போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வளரும் ஒருவகைக் கருவாலி மரத்தின் பட்டை. நட்ட மரத்திலிருந்து முதற்பட்டையை உரிக்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும்; பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கலாம்; மூன்றாம் முறை உரித்த பட்டையே புட்டி அடைக்கும் தரம் பெறும். தக்கை தரும் மரமே நாற்பது வயதைக் கடந்திருக்க வேண்டும் என்பது, அது காக்கும் மதுவின் பொறுமைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உரோமானியரின் சாடி மறைந்த பின் இழந்துபோன காற்றுப் புகாத இருட்டு, இவ்வாறு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒயினுக்கு மீண்டும் கிடைத்தது.

போர்தோ நகரின் ஷார்த்ரோன் பகுதியில், கரோன் ஆற்றங்கரையை ஒட்டி அயர்லாந்து, இங்கிலாந்து, ஹாலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் நீண்ட கிடங்குகளைக் கட்டினர். நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் ஆழமான நிலவறைகளுக்கு வாய்ப்புக் குறைவு. தரைமட்டத்தில் தடித்த சுவர்களோடு எழுப்பிய இக்கிடங்குகளைப் போர்தோக்காரர்கள் ஷே என்று அழைத்தனர். தோட்டக்காரர் நொதிக்கவைத்த ஒயினை அந்தக் குளிர்காலத்திலோ அடுத்த வசந்தத்திலோ வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகள் 225 லிட்டர் கருவாலிப் பீப்பாய்களில் வைத்துப் பக்குவப்படுத்தும் பணி இவ்வணிகர்களுடையது. குழந்தை வளர்ப்பைக் குறிக்கும் அதே சொல்லையே பிரெஞ்சுக்காரர் இப்பணிக்கும் வழங்கினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியில் படிந்த மண்டியை விட்டு மேல்தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு இறுத்து மாற்றுவதும், ஆவியாகிக் குறைந்த அளவை அவ்வப்போது நிரப்பி வைப்பதும் அவர்களின் அன்றாட வேலை. பீப்பாய் ஒன்றுக்கு ஐந்தாறு முட்டைகளின் வெள்ளைக்கருவை அடித்துக் கலந்துவிட்டால், அது மதுவிலுள்ள முரட்டுத் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு மெல்ல அடியில் இறங்கிவிடும். கடுந்தேநீரில் பால் சேர்த்தவுடன் அதன் துவர்ப்பு அடங்குவதற்கும் இதுவே காரணம்: புரதமும் துவர்ப்புப் பொருளும் ஒன்றையொன்று பற்றி இணைகின்றன.

இங்கு துவர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் முதிர்ந்த ஒயினின் கதை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, கடுக்காய், நாவற்பழம் ஆகியவற்றை மெல்லும்போது நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிப்பதைத் தமிழர் அறுசுவையுள் ஒன்றாக எண்ணினர். உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்களோடு டானின் என்ற பொருள் இணைந்து அவற்றைத் திரளச் செய்துவிடுவதால் வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடும்போது தோலின் புரதத்துக்கு நேர்வதும் இதுவே. திராட்சையின் தோலும் விதையும் டானினைத் தருகின்றன. பீப்பாயின் கருவாலி மரமும் சிறிது சேர்க்கிறது. மெடோக்கின் முதன்மைத் திராட்சையான கபர்னே சோவிஞோன் சிறு மணியும் தடித்த தோலும் உடையது. ஆகவே அதன் இளம் மது வாயை இறுக்குவதில் பச்சைப்பாக்குக்கு இளைத்ததன்று. அதை மென்மையாக்கவே மெர்லோ, கபர்னே ஃபிரான் ஆகியவற்றைக் கலக்கின்றனர். வெள்ளை ஒயின்கள் பலவும் விரைவில் தளர்ந்துவிட, சிவப்பு ஒயின் பல்லாண்டு நிற்பதற்கு இத்துவர்ப்பே காவல். காற்றின் தாக்குதலைத் தான் ஏற்று மதுவைக் காப்பது டானின்.

ஆயினும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் அருந்திய கிளாரெட் முற்றிலும் போர்தோவின் மண்ணைச் சேர்ந்தது என்று கொள்ளுவது தவறு. ஷார்த்ரோன் வணிகர்கள் மெல்லிய விளைச்சலுக்கு உடல் சேர்க்க ஸ்பெயினின் கருஞ்சிவப்பு ஒயினையும் ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஜ் ஒயினையும் தாராளமாகக் கலந்தனர். ஆங்கிலேயர் சுவைக்கேற்பச் செய்தல் என்றே இதற்குப் பெயர் இருந்தது. முதுமையை விரைவுபடுத்த இன்னொரு வழியும் தற்செயலாகக் கிடைத்தது. சேன்-எஸ்தெஃப் ஊரில் கோஸ் தோட்டத்தை உருவாக்கிய லூயி-காஸ்பார் தெஸ்தூர்னெல் (1762–1853) தம் ஒயினை இந்தியாவுக்கும் அனுப்பி விற்றார். விற்காமல் கப்பலோடு திரும்பிய பீப்பாய்களைத் திறந்து பார்த்தபோது, வெப்பக் கடலின் சூட்டிலும் அலையின் ஆட்டத்திலும் மாதக்கணக்கில் கிடந்த அந்த மது, ஊரிலேயே இருந்ததைவிட முதிர்ந்து இனித்ததாகக் கருதப்பட்டது. இந்தியா சென்று மீண்டது என்பதே ஒரு தரச்சான்றாகி, அவ்வாறு மீண்ட சரக்கு தனிக் குறியோடு விற்கப்பட்டது. அவர் கட்டிய கிடங்கின் மேல் கீழைநாட்டுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சான்சிபார் சுல்தானின் அரண்மனைக் கதவு அதன் வாயிலில் பொருத்தப்பட்டிருக்கிறது. சூட்டில் நேரும் முதிர்ச்சி வேறு, குளிர்ந்த இருட்டில் நேரும் முதிர்ச்சி வேறு என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

அதைத் தெளிவாக்கும் முயற்சி மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளால் தொடங்கியது. பிரெஞ்சு ஒயின்கள் ஏற்றுமதியில் கெட்டுப்போவதன் காரணத்தை ஆராயுமாறு 1863 இல் கேட்டுக்கொள்ளப்பட்ட லூயி பாஸ்டர், 1866 இல் ஒயினைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். முழுவதும் நிரப்பி மூடிய கண்ணாடிக் குழாய்களில் இளம் ஒயின் மாறாமல் இருப்பதையும், பாதி நிரப்பி மூடிய குழாய்களில் அது விரைவில் நிறம் வெளுத்து மண்டி படிவதையும் கண்டு, ஒயினை முதிரச்செய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனே என்று அவர் முடிவு செய்தார். பீப்பாயைப் பொறுத்தவரை அது சரி. மரத்தின் வழியே நுழையும் அளவான காற்று நிறத்தை நிலைப்படுத்தித் துவர்ப்பைத் தணிக்கிறது. ஆனால் புட்டிக்கும் அதையே பொருத்திப் பல தலைமுறைகள் பாடம் சொன்னது பிழையாயிற்று. போர்தோவைச் சேர்ந்த வேதியியலாளர் ழான் ரிபேரோ-காயோன் 1930களில் கரைந்த ஆக்சிஜனை அளந்து, நன்றாகத் தக்கை அடைத்துப் படுக்கவைத்த புட்டிக்குள் நுழையும் காற்று பொருட்படுத்த முடியாத அளவு சொற்பம் என்றும், முதிர்ந்த ஒயினின் சிறப்பான மணம் காற்றில்லாத நிலையில்தான் பிறக்கிறது என்றும் காட்டினார். அடைபட்டு மூச்சடங்கிக் கிடப்பதே புட்டியில் நடக்கும் தவம்.

அத்தவத்தின் பயனைப் படிப்படியாகக் காணலாம். நல்ல ஆண்டில் விளைந்த மெடோக் ஒயின் ஒன்று, புட்டியில் அடைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாவற்பழத் தோலின் ஊதாக்கருமையோடு இருக்கும். கருந்திராட்சை வகைச் சிறுபழங்களின் மணமும், வயலட் பூவின் சாயலும், புதுப் பீப்பாய் தந்த வனிலா வாசமும் மேலோங்க, விழுங்கிய பின் நெடுநேரம் துவர்ப்பு வாயைப் பிடித்திருக்கும். பிறகு ஒரு விசித்திரமான காலம் வருகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் பழமணம் பின்வாங்க, முதுமணம் இன்னும் எழாத நிலையில், மது வாய்மூடி மௌனம் சாதிப்பது போல் இருக்கும். ஊமைக்காலம் என்றே இத்தொழிலில் உள்ளோர் இதைக் குறிப்பர். இளமையில் பாராட்டியவர்களே இப்போது திறந்து பார்த்து ஏமாறுவதுண்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் ஓரம் மெல்லச் சிவந்து வெளுக்கத் தொடங்கும். இருபதாம் ஆண்டை ஒட்டி, கிண்ணத்தை வெள்ளைத்துணிக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், நடுவில் மாதுளை முத்தின் நிறமும் விளிம்பில் சுட்ட செங்கல்லின் காவியும் தெரியும். திராட்சைத் தோலிலிருந்து வந்த அந்தோசயனின் என்ற நிறப்பொருள் தனித்து நிற்க இயலாமல் டானினோடு பிணைந்து புதிய சேர்மங்களாகி நிறம் மாறியதன் அடையாளம் அது. அளவுக்கு மீறிப் பெருத்த சேர்மங்கள் கரைந்திருக்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. டானின் சங்கிலிகள் நீள்வதோடு சில அமிலத்தால் உடைவதும் நேர்கிறது. இம்மாற்றங்களின் கூட்டு விளைவாகத் துவர்ப்பு ஒழியாமல் பட்டுபோல் மென்மையாகிறது.

மணத்தில் நேரும் மாற்றம் இன்னும் வியப்புக்குரியது. திராட்சையின் மணத்தை வாசம் என்றும், முதுமையில் கூடும் மணத்தைப் பூச்செண்டு என்று பொருள்படும் புகே என்றும் பிரெஞ்சுக்காரர் வேறுபடுத்துவர். முதிர்ந்த போயாக் ஒயினின் புகேயில் தேவதாருப் பலகையும் சுருட்டுப் பெட்டியும் உலர்புகையிலையும் முதலில் தோன்றும். உறையூர்ச் சுருட்டு அடுக்கிய மரப்பெட்டியைத் திறந்து முகர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தொடர்ந்து பதனிட்ட தோல், உலர்ந்த அத்தி, மழையில் நனைந்த சருகுப் படுகை, காளான் என நிலத்தை நோக்கி அது இறங்குகிறது. மிகச் சிறிய அளவில் உண்டாகும் ஒருவகைக் கந்தகச் சேர்மம் இந்தக் காட்டுத்தரை மணத்துக்குத் துணை செய்வதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். பழத்தின் இனிய முகம் மறைந்து மண்ணின் முகம் தெரிவது சிலருக்கு இழப்பாகத் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் சாடியில் உப்போடு கிடந்து, பச்சை மணம் போய், கருத்து, கசப்பு அடங்கிய நார்த்தங்காயை மருந்தெனப் போற்றும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, இழப்பும் பேறும் ஒன்றாகவே வருவதில் வியப்பிராது. எனினும் இதற்கு எல்லை உண்டு. உச்சத்தைக் கடந்த மது நிறம் தேநீராக வெளிறி, துவர்ப்போடு உடலும் கரைந்து, புளிப்பு மட்டும் எஞ்சிக் காடியின் வாடை எழ முடிகிறது.

மண்டி படிந்த பழைய ஒயினைப் பரிமாறும் முறையே தனிக்கலை. படுத்திருந்த புட்டியை ஒருநாள் முன்னதாக நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். தக்கையை அசைவின்றி இழுத்தெடுத்து, புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராக வேறு கண்ணாடிக் கலத்துக்குள் இறுக்க வேண்டும். சுடரொளியில் சிவந்து தெளிவாக ஓடும் மதுவில் கரிய இழை ஒன்று புட்டியின் தோளில் தலைகாட்டியவுடன் ஊற்றுவது நிற்க வேண்டும். போர்தோ புட்டியின் உயர்ந்த தோள் அந்த இழையைத் தடுத்து நிறுத்த உதவுகிறது. இளம் ஒயினுக்குக் காற்றூட்டுவதற்காகச் செய்யும் இறுத்தல் வேறு. அரை நூற்றாண்டு கடந்த ஒயினுக்குக் காற்றே பகை. இறுத்த சிறிது நேரத்திலேயே அதன் மணம் விரிந்து எழுந்து மெலிந்துவிடக்கூடும் என்பதால் அருந்துவோர் முன்னரே அமர்ந்து காத்திருப்பர்.

1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோவின் தரகர்கள் மெடோக் தோட்டங்களையும் ஓ-பிரியோனையும் ஐந்து வகுப்புகளாக அடுக்கியபோது, அவர்கள் கையிலிருந்த அளவுகோல் நெடுங்கால விலைப்பட்டியலே. முதல் வகுப்பில் லாஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் இடம்பெற, மூட்டோன் மட்டும் 1973 இல் அவற்றோடு சேர்ந்தது. காலத்தைத் தாங்கும் ஆற்றலுக்குச் சந்தை தந்த மதிப்பு இவ்வாறு அரசு முத்திரை பெற்றது. அவ்வாற்றலின் எல்லையைக் காட்டியது 1870 ஆம் ஆண்டு லாஃபீட். அதன் கடுமை அடங்க அரை நூற்றாண்டு ஆயிற்று என்று ஒயின் எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டை நிலவறையில் 1878 இல் வைக்கப்பட்ட அதன் இரட்டைப்புட்டிகள் 1971 இல் கிறிஸ்டிஸ் நிறுவனத்தால் ஏலத்துக்கு வந்தபோது, வாங்கிவைத்த தலைமுறையில் எவரும் உயிரோடில்லை, ஒயின் உயிரோடிருந்தது. அந்த மது விளைந்த காலத்திலேயே அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி போர்தோவின் கொடிகளைத் தின்னத் தொடங்கியிருந்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத் தோட்டங்கள் மீட்கப்பட்டன. ஒட்டுக்கொடி மதுவுக்குப் பழைய ஆயுள் இல்லை என்ற புலம்பல் பல்லாண்டு நீடித்தாலும், 1945, 1961 ஆம் ஆண்டுகளின் ஒயின்கள் அதைப் பொய்யாக்கின.

இருபதாம் நூற்றாண்டில் முதுமையின் பொறுப்பு வணிகர் கையிலிருந்து தோட்டக்காரர் கைக்கு மாறியது. மூட்டோன் தோட்டத்தின் பிலிப் தெ ரோத்ஷில்ட் 1924 இல் தம் ஒயின் முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்க முடிவு செய்தார். கலப்படத்துக்கு இடமளித்த பழைய ஏற்பாடு அதன்பின் படிப்படியாக ஒழிந்தது. ரிபேரோ-காயோனின் உடனுழைப்பாளர் எமீல் பெய்னோ (1912–2004), திராட்சையை நன்கு பழுத்த பின்னரே பறிக்கவும், மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தலைக் கண்காணித்து முடிக்கவும், பழைய அழுக்குப் பீப்பாய்களை விலக்கவும் தோட்டம் தோட்டமாகச் சென்று வற்புறுத்தினார். கடுமையை முதுமைக்கான விலையாகக் கருதிய மரபை அவர் ஏற்கவில்லை; இளமையில் இனிக்கும் மது முதுமையிலும் இனிக்கும் என்பது அவர் நிலைப்பாடு. வெயில் நிறைந்த 1982 ஆம் ஆண்டு விளைச்சல் தொட்டிலிலேயே கனிந்திருந்ததைக் கண்டு, இது நிலைக்காது என்று பலர் எச்சரித்தனர். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதன் சிறந்த புட்டிகள் தளராமல் நிற்பது பெய்னோவின் பக்கமே தீர்ப்பளிக்கிறது.

இவ்வளவும் ஒயின் உலகின் ஒரு சிறு மூலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறத்தல் ஆகாது. உலகில் அடைக்கப்படும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்தத் தக்கதாகவே செய்யப்படுகிறது. அதை வைத்திருப்பதால் பழமை சேருமே தவிர முதிர்ச்சி சேராது. வைக்கத் தக்க மதுவுக்கும் 12 முதல் 14 பாகை வெப்பநிலையில் ஆண்டு முழுவதும் மாறாத இருட்டு தேவை. சென்னையின் சித்திரை வெயிலில் அலமாரியில் நின்றபடி கிடக்கும் புட்டியில் தக்கை உலர்ந்து, மது முதிர்வதற்குப் பதிலாக வெந்துவிடுகிறது. தக்கைக்கும் ஆயுள் உண்டு. லாஃபீட் போன்ற தோட்டங்களில் பழைய புட்டிகளின் தக்கை ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. மாற்றும்போது குறைந்திருக்கும் மதுவை நிரப்ப அதே ஆண்டின் ஒயினே வேண்டும் என்பதால், வரிசையிலிருந்து ஒரு புட்டி எடுக்கப்பட்டு மற்றவற்றுக்குப் பகிர்ந்து ஊற்றப்படுகிறது.